தொட்டிக்கு ஊற்றும் நானோ மருந்து: தண்ணீர் தெளிந்தது, டாப்னியா செத்தது

காவேரிப்பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் ஆறு சிமெண்ட் தொட்டிகளில் கப்பி, மோலி, கொஞ்சம் கெண்டைக் குஞ்சு வளர்க்கிறேன். தண்ணீர் அடிக்கடி பச்சை பிடிக்கிறதே என்று, கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் ‘நானோ’ (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்) என்று போட்ட மருந்து வாங்கினேன். அரை லிட்டர் 420 ரூபாய். பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு என்று எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு கலந்தது என்று எழுதவில்லை. கன உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

ஊற்றிய மறுநாள் காலையில் தொட்டியின் அடி பளிச்சென்று தெரிந்தது. அதுவரை சரி. கையை விட்டுத் தடவினால் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு. நம்ம பக்கத்து போர் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். அதில் நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கிவிடும். அழுக்கு தொட்டியை விட்டுப் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. கெண்டை மேய்வதோ அந்த அடியில்தான்.

சந்தேகம் வந்து, குஞ்சுகளுக்குத் தீனியாக டாப்னியா என்ற பொடி நீர்ப்பூச்சி வளர்க்கும் இரண்டு டப்பில் ஒன்றில் மட்டும் நான்கு சொட்டு விட்டேன். டாப்னியா தண்ணீரை வடிகட்டித் தின்னும். பாசி எது, துகள் எது என்று அதற்குத் தெரியாது. லென்ஸில் பார்த்தால் எப்போதும் பச்சைக் கோடாகத் தெரியும் குடல், வெள்ளைக் கோடாக இருந்தது. ஓட்டின் மேலும் வெள்ளைப் பொடி. மூன்றாம் நாள் பல, பாதி உரிந்த சட்டையோடு செத்துக் கிடந்தன. பக்கத்து டப்பில் வழக்கம்போலத் துள்ளிக்கொண்டிருந்தன.

உலோகத்தைப் பிடிக்கும் என்பது பொய்யில்லை. என் பயமே அங்கேதான். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், காட்மியம் என்ற நச்சுக் கன உலோகம் கலந்த தண்ணீரில் கெண்டைகளை 25 நாள் வைத்தார்கள். காட்மியம் மட்டும் இருந்த தொட்டியில் மீன் உடம்பில் கிராமுக்கு 9.07 மைக்ரோகிராம் சேர்ந்தது. இதே டைட்டானியம் துகளும் கூட இருந்தபோது 22.3. துகள் காட்மியத்தைச் சுமந்துகொண்டு மீனுக்குள்ளேயே போய்விட்டது. எல்லா நஞ்சுக்கும் இப்படி நடக்காது, சில நஞ்சுகள் துகளில் ஒட்டிக்கொண்டு வீரியம் குறைவதும் உண்டு. ஆனால் துகளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க வழி சொல்லாமல் ‘பிடிக்கும்’ என்று விற்பது தப்பு. இன்னொன்று, வெயில் பட்டால் இந்தத் துகள் இன்னும் கடுமையாக வேலை செய்யும். என் தொட்டிகள் திறந்தவெளியில் இருக்கின்றன.

மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, அடிப்படிவைக் குழாய் வைத்து உறிஞ்சி வாளியில் பிடித்தேன். சாக்கடையில் விட மனம் வரவில்லை. அது தென்பெண்ணைக்குத்தான் போகும். இப்போது தொட்டிகளுக்கு மேல் பச்சை வலை கட்டி, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன். பாசி பாதியாகக் குறைந்திருக்கிறது.

இந்த மருந்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. கெண்டை, கட்லா என்று சாப்பிடும் மீன் வளர்ப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.