பெயர் ஒட்டாத பாசி மருந்தை வாங்காதீர்கள்

மீன் தொட்டியில் பாசி பிடிக்கிறது என்று மருந்து தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கொளத்தூரில் ஒரு கடையில், பெயரோ கலவை விவரமோ இல்லாத பாட்டிலில் நீலத் திரவம் ஒன்றை 180 ரூபாய்க்கு என்னிடம் விற்றார்கள். தொட்டியில் செர்ரி இறாலும் ஆப்பிள் நத்தையும் இருக்கின்றன என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். "எதற்கும் ஒன்றும் ஆகாது, தைரியமாக ஊற்றுங்கள்" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை இறால்கள் நிறம் வெளுத்து மணலில் சாய்ந்து கிடந்தன. ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்ட நத்தைகள் பிறகு திறக்கவே இல்லை. மீன்கள் தப்பின, ஆனால் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. பாசி ஒரேயடியாகச் செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது.

வேதியியல் ஆசிரியரான நண்பர், மிச்சத் திரவத்தில் சில துளிகளைச் சோதனைக் குழாயில் எடுத்து அம்மோனியா கரைசலைச் சேர்த்தார். வெளிர்நீலம் அடர்ந்த கருநீலமாக மாறியது. தாமிரம்! மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கரைசலாகத்தான் இருக்கும் என்றார். பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். இறாலையும் நத்தையையும் அதற்கு முன்பே கொன்றுவிடும். மீன் விற்றே பிழைப்பவருக்கு இது தெரியாதா? திரும்பப் போய்க் கேட்டதற்கு, "இறால்தானே சார், வேறு தருகிறேன்" என்றார். பில் கேட்டேன், தரவில்லை. உயிரை இப்படி எடைபோடுகிறவரிடம் இனி மீன் தீவனம்கூட வாங்கமாட்டேன்.

பாசிக்குத் தேவை வெளிச்சமும், மிஞ்சிய தீவனத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் நைட்ரேட், பாஸ்பேட்டும். அவை குறையாதவரை எந்த மருந்து ஊற்றினாலும் பாசி திரும்ப வரும். இப்போது விளக்கை 6 மணி நேரத்துக்கு மேல் எரியவிடுவதில்லை. ஜன்னல் வெயில் படாத சுவரோரம் தொட்டியை நகர்த்திவிட்டேன். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுகிறேன். கண்ணாடியில் படிவதைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினாலே போய்விடுகிறது.

ஏற்கெனவே அந்தத் திரவத்தை ஊற்றியிருந்தால், உடனே பாதி நீரை மாற்றுங்கள், ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் (நச்சை உறிஞ்சும் கரி) போடுங்கள், காற்றுக் குழாயை ஓடவிடுங்கள். அந்த மணலை மட்டும் இறால் தொட்டிக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள். தாமிரம் அதில் தங்கிப் பிறகு மெல்லக் கசியக்கூடும்.