முதல் காட்சியா, இரண்டாவது வாரமா, வீட்டு சோபாவா?

புதுப்படம் பார்க்க எனக்கு மூன்று வழி. பெரிய நடிகர் படமென்றால் முதல் நாள் முதல் காட்சி. கொஞ்சம் ஆறட்டும் என்று தோன்றினால் இரண்டாவது வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ, மேட்னி. இரண்டும் தவறினால் நான்கு வாரம் பொறுத்து ஓடிடி. எனக்குக் கோயம்புத்தூர். 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய சினிமாக் கொட்டகையின் பெயரையே சாலைக்கும் வைத்து, இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஊர். இங்கே எதில் எப்போது பார்ப்பது என்பது வீட்டில் சண்டை வரக்கூடிய விஷயம்.

முதல் காட்சியில் படம் பார்க்க முடியாது. இதை நான் புகாராகச் சொல்லவில்லை. ஹீரோ திரையில் வந்து பத்து நிமிடத்துக்கு விசில், கிழித்துப் போட்ட காகிதம், சீட்டின் மேல் ஏறி நிற்பவர்களின் முதுகு, இவ்வளவுதான். விசிலை மீறிக் கேட்க வேண்டும் என்று ஆபரேட்டர் சத்தத்தைக் கூட்டுவார், அதை மீறி இவர்கள் கத்துவார்கள். கதையின் முடிச்சை நம் இயக்குநர்கள் அந்த அறிமுகப் பாட்டு முடிந்த கையோடு போட்டுவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். ஒரு படத்தில் வில்லன் ஹீரோவுக்கு என்ன உறவு என்று இடைவேளையில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் படம் பிரமாதம் என்றார்.

2023 பொங்கலுக்கு இரண்டு பெரிய படங்கள் ஒரே நாளில் வந்தன, நள்ளிரவு ஒரு மணிக்கே காட்சி போட்டார்கள். சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் லாரி மேல் ஏறி ஆடிய ரசிகர் விழுந்து இறந்துபோனார். அதன் பிறகு தமிழ்நாட்டில் காலை ஒன்பதுக்கு முன்னால் காட்சி கிடைப்பதில்லை. கேரளாவில் விடிவதற்குள் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் வாளையாறு தாண்டிப் பாலக்காடு போகிறோம். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். இங்கே ஒன்பது மணிக்கு டைட்டில் ஓடும்போது நாங்கள் படத்தை முடித்துவிட்டு ரோட்டோரம் புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். பெட்ரோல் காசைச் சேர்த்தாலும், உள்ளூரில் முதல் நாளன்று கையில் எழுதிக் கொடுக்கிற டிக்கெட்டை விடக் கட்டுபடியாகும். மல்டிபிளெக்ஸில் வரி போக 150 ரூபாய் என்று அரசு 2017-இல் உச்சவரம்பு வைத்தது. ஒரு தீபாவளிக்கு நான் ஒரு சாதாரண தியேட்டரில் 800 கொடுத்திருக்கிறேன், சீட்டு ஃபேன் இல்லாத மூலையில்.

அப்படியும் ஏன் போகிறேன்? யாரும் எதுவும் சொல்லியிராத கதையைப் பார்க்க அந்த ஒரு காட்சிதான் மிச்சம் இருக்கிறது. மதியத்துக்குள் கௌரவ வேடத்தில் யார் வருகிறார், கடைசியில் யார் சாகிறார் என்பதெல்லாம் போனில் வந்துவிடும், அதுவும் திரையைப் படம்பிடித்த வீடியோவாக.

இரண்டாவது வார மேட்னிக்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான். முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். காலேஜுக்கு மட்டம் போட்ட பையன்கள், ஓய்வுபெற்ற இரண்டு மூன்று பெரியவர்கள், ஏசிக்காக வந்து தூங்குகிற ஒருவர். விருப்பப்பட்ட இடத்தில் உட்காரலாம். நான் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி நடுவில் உட்காருவேன், ஒலி நாலா பக்கமும் சரியாகச் சேருவது அங்கேதான். முதல் காட்சியில் வெறும் இரைச்சலாகக் கேட்ட பின்னணி இசையில் ஒரு வயலின் இருந்தது இங்கேதான் தெரியும். ஹீரோவின் அம்மாவாக வருகிறவர் வசனமே இல்லாமல் நன்றாக நடித்திருப்பதும் இங்கேதான் கண்ணில் படும்.

சில சமயம் பார்க்கிற படமே வேறாக இருக்கும். 2024-இல் ‘இந்தியன் 2’ வெளியான சில நாளிலேயே 12 நிமிடத்தை வெட்டினார்கள். முதல் நாள் ஓடியவர்கள் நீளமான படத்தைப் பார்த்தார்கள், பொறுத்திருந்தவர்களுக்குச் சுருக்கம் கிடைத்தது. இதில் யாருக்கு லாபம் என்பதை நான் சொல்லப் போவதில்லை.

இதிலும் எரிச்சல் உண்டு. ஆள் குறைவென்றால் இடைவேளைக்குப் பிறகு ஏசியை அணைத்துவிடுகிற தியேட்டர் எனக்குத் தெரியும். புரொஜெக்டர் விளக்கு பழசானால் ஒளி மங்கும். இரவுக் காட்சியெல்லாம் வெறும் இருட்டாகத் தெரியும், கேட்டால் படமே அப்படித்தான் என்பார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவது வாரம் என்ற ஒன்றே கரைந்துகொண்டிருப்பதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. 1944-இல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்று தாத்தா காலத்துக்காரர்கள் சொல்வார்கள். நான் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் போதும். சின்னப் படங்களுக்கு அதுவும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்லிக் காதில் விழுவதற்குள், ஊருக்கு வெளியே ஒரு மாலில் காலை பத்தேகாலுக்கு ஒற்றைக் காட்சியாகச் சுருங்கியிருக்கும்.

அந்த மாதிரிப் படங்களுக்கு ஓடிடிதான் கதி. தமிழில் பெரும்பாலும் நான்கு வாரம். இந்தியில் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்கின்றன, அதனால் நம் படங்களின் இந்திப் பதிப்பு பல சமயம் அங்கே நுழைய முடிவதில்லை. 2021-இல் ‘மாஸ்டர்’ ஜனவரி 13 தியேட்டரில், 29 ஓடிடியில். பதினாறே நாள். கொரோனா காலம், அதை விட்டுவிடலாம்.

வீட்டில் பார்ப்பவர்கள் முதலில் டிவி செட்டிங்கில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 சட்டத்தில், அதாவது 24 ஃபிரேமில், எடுக்கப்படுவது. டிவி நடுவில் தானாகச் சட்டங்களைச் செருகும்போது கோடி கோடியாகச் செலவழித்த படம் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடும். ஸ்கோப், அதாவது அகலத் திரைக்கு எடுத்த படமென்றால் டிவியின் உயரத்தில் கால்வாசி கறுப்புப் பட்டைக்குப் போய்விடும், அதற்கு மருந்தில்லை. வசனம் முணுமுணுப்பாகவும் சண்டை அலறலாகவும் கேட்பது, ஆறு ஸ்பீக்கருக்குச் செய்த ஒலியை இரண்டில் அடைப்பதால். ஒரு சின்ன சவுண்ட்பார் இருந்தால் பாதி சரியாகும்.

லாபமும் உண்டு. ‘விடுதலை’ முதல் பாகம் ஓடிடிக்கு வந்தபோது தியேட்டரில் இல்லாத காட்சிகளும் சேர்ந்து வந்தன. மலையாளப் படத்துக்கு அடியில் சப்டைட்டில் ஓடும். காசுக் கணக்கில் இதை அடிக்க ஆளில்லை: 150 ரூபாய் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 177, மேலே உள்ளாட்சி வரி, இணையக் கட்டணம், இதையெல்லாம் நாலு பேருக்குப் பெருக்கி அப்புறம் பாப்கார்ன். ஆனால் வீட்டில் என் கட்டைவிரலே எனக்கு எதிரி. குக்கர் விசிலுக்கு ஒரு நிறுத்தம், போனுக்கு ஒரு நிறுத்தம், தூக்கம் வந்தால் மீதி நாளைக்கு. போன மாதம் இரண்டு மணி நேரப் படத்தை மூன்று நாளில் முடித்தேன். மூன்றாம் நாள் அந்தப் போலீஸ்காரர் யார் என்று மனைவியிடம் கேட்க வேண்டியிருந்தது.

ஆகவே என் கணக்கு இப்படி நிற்கிறது. முதல் காட்சி வருடத்துக்கு இரண்டு, அதுவும் கதையை எதிர்பார்க்காத படங்களுக்கு. ஓடிடி, பிடித்த படத்தை இரண்டாம் முறை பார்க்கவும், ஊருக்கு வராத படங்களுக்கும். மற்றதெல்லாம் மேட்னி, கிடைக்கிற வரைக்கும்.

சென்ற செவ்வாய் ஒரு சின்னப் படத்துக்குப் போனேன், வெளியாகிப் பன்னிரண்டாம் நாள். “பத்து டிக்கெட் ஆனாத்தான் சார் ஓட்டுவோம்” என்றார் கவுன்டரில் இருந்தவர். காட்சி நேரம் தாண்டிப் பத்து நிமிடம் ஆகியும் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் போய் இன்னொரு டிக்கெட் எடுத்தேன்.