எக்ஸாஸ்ட் ரப்பர் கழற்றும் பிளையர்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

"மச்சான், அந்த பிளையர் வாங்கலாமா, இல்லை கத்தியால அறுத்துடட்டுமா?" என்று மெரேபேங்கிலிருந்து தங்கை வீட்டுக்காரர் கேட்டிருந்தார். காருக்கு அடியில் சைலன்சர் குழாயைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர்களைக் கழற்றும் பிளையரைத்தான் கேட்கிறார். கடையில் விலை இறங்கியிருக்கிறதாம். இரண்டு வரியில் பதில் அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கருவியைப் பற்றி எனக்குச் சொல்ல நல்லதும் நிறைய இருக்கிறது, கோபமும் அதே அளவு இருக்கிறது. அதனால் எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

என் கார் டொயோட்டா ரன்எக்ஸ் 140. இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த். டர்பனில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கடல் காற்றின் உப்பும் ஈரமும் முதலில் சைலன்சரைத்தான் பிடிக்கும். போதாததற்கு எங்கள் தெருக்களில் ஏற்ற இறக்கமும் வேகத்தடையும். ஒருமுறை சைலன்சர் மாற்ற ஒரு கடையில் விட்டேன். புதுச் சைலன்சரை ஒழுங்காகப் போட்டார்கள். ஆனால் பழைய ரப்பர்களை அறுத்து எறிந்துவிட்டு, பின்பக்கம் இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டார்கள். சிக்னலில் நின்றால் பின் சீட்டுக்கு அடியில் கும்மென்று ஒரு இரைச்சல். ரப்பர் அங்கே இருப்பது குழாயைத் தாங்க மட்டும் இல்லை. இன்ஜின் அசையும்போது முழுக் குழாயும் கூடவே அசைய வேண்டும், அந்த அதிர்வு காரின் உடம்புக்கு ஏறவும் கூடாது. கம்பி போட்டுக் கட்டினால் இரண்டும் கெட்டுப்போகும். அசைய இடமில்லாமல் போன குழாய் தன் இணைப்புகளை இழுத்து இழுத்துக் கசியவிடும். காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வது அநியாயம். அன்றைக்கே இந்த வேலையை இனி வீட்டில்தான் செய்வது என்று முடிவு செய்து பிளையரை வாங்கினேன்.

வேலை செய்யும் விதம் எளிது. ரப்பரில் இரண்டு துளைகள். ஒன்றில் காரின் அடியிலிருந்து வரும் கம்பி, மற்றதில் சைலன்சரோடு பற்றவைத்த கம்பி. கம்பியின் நுனி மொட்டு மாதிரித் தடித்திருக்கும், ரப்பர் தானாக நழுவிவிடக் கூடாதே என்பதற்காக. நாம் கழற்றப் போகும்போது நம்மோடு மல்லுக்கு நிற்பதும் அந்த மொட்டுத்தான். பிளையரின் ஒரு தாடை ரப்பருக்குப் பின்னால் போய்ப் பிடிக்கும், இன்னொரு தாடை கம்பி நுனியில் ஊன்றும். கைப்பிடியை அழுத்தினால் ரப்பர் மெதுவாக விரிந்து, மொட்டின் மேல் ஏறி, சட்டென்று கழன்று வரும். மல்லாந்து படுத்துக்கொண்டு, மூக்குக்கு மேலே துரு உதிர, ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். நடு ரப்பர்கள் இரண்டும் மூச்சு விடுவதற்குள் வந்துவிடுகின்றன. எதுவும் கிழிவதில்லை. இத்தனை ஆண்டுகளில் தாடை வளையவில்லை, ஆணி ஆடவில்லை. இந்த விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை பின்பக்கத்து ரப்பரில் இருக்கிறது. பின் அச்சுக்கு மேலே, சைலன்சருக்கும் காரின் தரைக்கும் நடுவில் அது ஒளிந்திருக்கிறது. என் பிளையரின் தலை நேரானது. தாடையைச் சரியாக வைத்தால் கைப்பிடி மேலே தகட்டில் இடிக்கிறது, கைப்பிடியை இறக்கினால் தாடை கம்பி நுனியிலிருந்து நழுவுகிறது. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். போன வாரமும் நழுவி, விரல் முட்டி போய் வெப்பத் தகட்டின் ஓரத்தில் இடித்துத் தோல் உரிந்தது. கழற்றக் கடினமான ரப்பருக்காகத்தான் ஒருவன் கருவி வாங்குகிறான். சுலபமான இரண்டையும் அழகாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கடினமான ஒன்றில் கைவிட்டால் எப்படி? தலை சாய்ந்த பிளையரும் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அதைத்தான் முதலில் விற்க வேண்டும்.

இன்னொன்று, இது கழற்ற மட்டும்தான் உதவும். திரும்ப மாட்ட உதவாது. மாட்டுவதற்கு நான் நம்புவது சோப்புத் தண்ணீரையும் கொதிநீரையும்தான். புது ரப்பரைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு, துளைக்குள் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, சூடு ஆறுவதற்குள் தள்ளினால் ஏறிவிடும். கைக்குக் கிடைத்த எண்ணெயை அடிக்காதீர்கள். இந்த ரப்பர்களில் பெரும்பாலானவை ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வகை. வெயில், சூடு எல்லாம் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போய்த் தளர்ந்துவிடும். ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் சிலிக்கோன் ஸ்ப்ரே வாங்குங்கள். கழற்றிய பழைய ரப்பரை மடக்கி, துளையின் உள்விளிம்பைப் பாருங்கள். மயிரிழை மாதிரி வெடிப்புகள் தெரிந்தால் திரும்பப் போட வேண்டாம். மேலே பார்க்க நன்றாக இருந்தாலும், துளைக்குள்ளே வெடிப்பு இருக்கலாம்.

கத்தியைப் பற்றி. புது ரப்பர் கையில் இருந்தால் அறுப்பதில் தப்பே இல்லை. விலையும் அதிகமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறுத்துவிட்டு, கடை மூடிக்கிடக்கும்போது என்ன செய்வீர்கள்? கம்பிதான் கட்ட வேண்டும். அதைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். படுத்த நிலையில் கத்தி நழுவினால் எங்கே வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவி வைத்திருந்தாலும் சில விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். எங்கள் பக்கம் முற்றமே சரிவு, அதனால் சமதளம் தேடிப் போய் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். கடைசி ரப்பரைக் கழற்றுவதற்கு முன்னால் சைலன்சருக்கு அடியில் மரக்கட்டையோ இன்னொரு ஜாக்கோ கொடுங்கள். தாங்கல் இல்லாமல் ஒரு முனை தொங்கினால் முன்னால் இருக்கும் வளையும் பின்னல் குழாய் அடிபடும், அதை மாற்றுவது இந்த வேலையை விடப் பெரிய செலவு. முழுக் குழாயையும் இறக்குவதாக இருந்தால் குழாயில் பொருத்தியிருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வயரை முதலிலேயே பிரித்துவிடுங்கள். என் வண்டியில் இணைப்பு இருக்கும் இடத்தில் ஸ்பிரிங் போட்ட இரண்டு போல்ட்டுகள் உண்டு. முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் திரவம் அடித்து வைத்தால்தான் அசையும். அது ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, மாப்பிள்ளைக்குப் பதில். உங்கள் ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் 2009 வரைக்கும் இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே, யூட்டன்ஹேஜில் செய்த வண்டியாக இருந்தாலும், அடியில் இருப்பது அந்தப் பழைய முதல் தலைமுறை கோல்ஃப்தான். அதில் சைலன்சர் தொங்குவது வெறும் ரப்பர் வளையத்தில். இரண்டு பக்கமும் திறந்த கொக்கி, மொட்டெல்லாம் கிடையாது. நீளமான கம்பிக் கொக்கி ஒன்று இருந்தால் இழுத்துக் கழற்றிவிடலாம். எவ்வளவு விலை இறங்கினாலும் இந்தப் பிளையர் உங்களுக்கு வேண்டாம்.

மற்றவர்களுக்கு: ரன்எக்ஸ், கொரோலா மாதிரி துளை ரப்பர் உள்ள வண்டி என்றால் இப்படி ஒரு பிளையர் இல்லாமல் அடியில் போகாதீர்கள். ஆனால் நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த நேர்த்தலைப் பிளையரை வாங்காதீர்கள். விரல் ஆறட்டும், சம்பளம் வந்ததும் நானும் சாய்ந்த தலையுள்ளதைத்தான் வாங்கப் போகிறேன்.