கணினி மொய்ச் சேவை: கணக்கு நேர்த்தி, நன்றிதான் நெருடல்

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து விழாக்களில் மொய் எழுதும் மேசைக்கு மடிக்கணினி வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றாலும், எங்கள் வீட்டில் மகளின் காதணி விழாவுக்குத்தான் முதன்முறையாக அந்தச் சேவையை அமர்த்தினோம். இரண்டு இளைஞர்கள், இரண்டு மடிக்கணினிகள், ரசீது அச்சிடும் சிறு இயந்திரம், பணம் எண்ணும் இயந்திரம் ஆகியவற்றுக்குச் சேர்த்துக் கட்டணம் 6,000 ரூபாய்.

கணக்கைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமே இல்லை. ஊர், தகப்பனார் பெயர், தன் பெயர், தொகை என்று உறவினர் சொல்லி முடிப்பதற்குள் ரசீது கைக்கு வந்துவிடுகிறது. மறுநாளே ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டிய புத்தகத்தையும் தந்துவிட்டார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய எங்கள் பழைய மொய் நோட்டில் ஒருவர் என்ன செய்தார் என்று தேடி எடுப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். 501 ரூபாய் செய்தவருக்கு அவர் வீட்டு விசேஷத்தில் அதற்குக் குறையாமல், முடிந்தால் சற்றுக் கூட்டியே திருப்பிச் செய்வதுதான் எங்கள் பக்கத்தில் நன்றி சொல்லும் முறை என்பதால், தேடியவுடன் பெயர் கிடைப்பது பெரிய உதவி.

நெருடல், இந்தச் சேவையோடு இலவசமாக வரும் குறுஞ்செய்தியில் இருக்கிறது. 'தங்கள் அன்பளிப்பு பெறப்பட்டது, வருகைக்கு நன்றி' என்று தொகையையும் குறிப்பிட்டு, மொய் எழுதிய அனைவருக்கும் ஒரே வாசகம் அன்றிரவே போய்ச் சேருகிறது. அலுவலக நண்பர்கள் அதை மகிழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால், காது குத்தும்போது மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய கண்ணீரும் மூக்குச்சளியும் படிந்த சட்டையோடு பந்தி முடியும்வரை ஓடியாடிய என் மனைவியின் அண்ணனுக்கும் அதே செய்தி போயிருக்கிறது. "என்ன மாப்பிள்ளை, கரண்டு பில்லு கட்டுனதுக்குச் சீட்டு வந்த மாதிரில்ல வந்திருக்கு?" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், என் மனைவிதான் அன்றிரவு சாப்பிடவில்லை. தாய்மாமன் செய்வது சீர், அது அவருடைய உரிமை. உரிமையோடு செய்தவரிடம் நன்றி என்று ஒரு சொல்லை நீட்டுவது, அவரை வாசலோடு நிறுத்தி அனுப்புவதைப் போன்றது. (பழந்தமிழில் நன்றி என்ற சொல் செய்த நன்மையையே குறித்தது, அந்தப் பொருளை எங்கள் மாமன்மார்கள் இன்னும் கைவிடவில்லை போலும்.) மூன்றாம் நாள் வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு, பலகாரத்தோடு அவர் வீட்டுக்குப் போய், மகளை அவர் காலில் விழச்செய்து திருநீறு பூசிக்கொண்டு வந்தோம். அங்கே நாங்கள் யாரும் நன்றி என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை.

இதைவிட என்னை வருத்தியது அத்தையின் நிலைமை. நூறு நாள் வேலையில் மிச்சம் பிடித்த 1,001 ரூபாயை, மகனுக்குத் தெரியாமல், தம்பி பேத்திக்கென்று தன் பெயரில் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறார். கைப்பேசி எண் கேட்டபோது அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைச் சொல்லியிருக்கிறார், அது மகனுடையது. எண் யாருடையது, செய்தி அனுப்பலாமா என்று மேசையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சீர்ப் பொருள்களைப் பதிவதிலும் கவனம் போதாது. அரைப் பவுன் தோட்டையும் குத்துவிளக்கையும் 'பொருள் 2' என்று மட்டும் பதிந்திருக்கிறார்கள். நாளைக்குத் திருப்பிச் செய்யும்போது எதைப் பார்த்துச் செய்வது? பழைய நோட்டு எழுதிய பெரியப்பா விளக்கின் உயரத்தைக்கூடக் குறித்து வைத்திருப்பார்.

இவற்றைச் சொன்னபோது அந்த இளைஞர்கள் மறுப்பேதும் சொல்லாமல் கேட்டுக்கொண்டதோடு, பொருள்களின் விவரத்தைத் திருத்திப் புதிய பக்கமும் அச்சிட்டுத் தந்தார்கள். ஆவணியில் புதுமனை புகுவிழா வைத்திருக்கிறோம். அதற்கும் இவர்களையே அழைப்போம். குறுஞ்செய்தியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தாம்பூலப் பைகளில் ஐம்பதைக் கூடுதலாக வாங்கி வைப்போம்.