காரணமில்லாமல் அலறும் புகை அலாரம்: எந்த வகையை நம்பி வாங்கலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். படுக்கையறைக்கும் நடைவழிக்கும் ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும் ஆப்டிகல் வகை. சமையலறைக்குள் புகை அலாரமே வேண்டாம், சூட்டுக்கு மட்டும் அடிக்கும் வெப்ப அலாரம் போதும். நுண்ணிய மின்னோட்டத்தை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும் அயனி வகையை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். பத்து வருட சீல் பேட்டரியும், எட்டித் தொடக்கூடிய பெரிய ஹஷ் பட்டனும் (அலாரத்தைத் தற்காலிகமாக அடக்கும் பட்டன்) இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்குங்கள்.

வீண் அலாரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், இரண்டு தடவை சும்மா அலறிய அலாரத்தின் பேட்டரியை மூன்றாவது தடவை யாராவது ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிவிடுவார்கள். தீப்பிடித்த வீட்டில் அலாரம் இருந்தும் அடிக்காமல் போனதற்கு அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) முதன்மையாகச் சொல்லும் காரணமே இதுதான்: பேட்டரி இல்லை, அல்லது இணைப்பு பிடுங்கப்பட்டிருந்தது.

அயனி வகையில் தொடங்குவோம். உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிக நுண்ணிய அளவில், சுமார் 0.3 மைக்ரோகிராம் மட்டுமே இருக்கும். அது இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள காற்றை அயனியாக்கி (மின்னூட்டம் பெறவைத்து), ஒரு சிறு மின்னோட்டத்தை ஓட வைக்கிறது. புகைத்துகள் நுழைந்து அயனிகளை ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் குறையும், அலாரம் அடிக்கும். சிக்கல் என்னவென்றால், இது மிக மிகச் சிறிய துகள்களுக்குத்தான் அதிகம் மசிகிறது. எண்ணெய் சூடேறும்போதும் ரொட்டி வாட்டும்போதும் கிளம்புவது அதே அளவுத் துகள்கள். கண்ணுக்குப் புகையே தெரியாது, அலாரம் மட்டும் கத்தும். கொழுந்துவிட்டு எரியும் தீயை இது சீக்கிரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் சோபாவும் மெத்தையும் மணிக்கணக்கில் கனன்று புகையும்போது தாமதமாகத்தான் விழிக்கும். தூங்குகிறவர்களுக்கு ஆபத்தானது அந்தப் புகைதான்.

ஆப்டிகல் வகை கனன்று புகையும் தீயில் நன்றாக வேலை செய்கிறது, சமையல் துகளுக்கு அவ்வளவாக மிரளுவதில்லை. அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மூடிக்குள்ளே கருப்பு பிளாஸ்டிக்கில், வளைந்து வளைந்து போகும் தடுப்புகளோடு ஒரு சின்ன அறை இருக்கும். ஒரு பக்கம் எல்.இ.டி., இன்னொரு பக்கம் ஒளி உணரி. எல்.இ.டி.யின் வெளிச்சம் நேராக உணரியின் மேல் விழாதபடி கோணம் வைத்திருப்பார்கள். புகை புகுந்தால் வெளிச்சம் சிதறி உணரியில் படும், அலாரம் அடிக்கும். இப்போது புகைக்குப் பதில் ஒரு சின்னப் பூச்சி அந்த அறைக்குள் ஊர்ந்தாலும், ஒரே ஒரு சிலந்தி இழை குறுக்கே தொங்கினாலும் அதே கதைதான். தூசியின் வேலை இன்னும் மெதுவானது. கருப்புச் சுவரில் சாம்பல் நிறமாகப் படிந்து, வெளிச்சத்தை விழுங்க வேண்டிய சுவரே அதைத் திருப்பி அடிக்கத் தொடங்கும். அலாரம் நாளுக்கு நாள் அடிக்கும் எல்லைக்கு நெருங்கி, ஒருநாள் கொஞ்சம் ஈரக்காற்று பட்டதும் அலறிவிடும். “காரணமே இல்லாமல் அடித்தது” என்று சொல்லப்படுவதில் கணிசமானது இந்த வகைதான். படியும் தூசிக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் மாடல்கள் வந்துவிட்டன. பூச்சி வலையின் கண்ணும் நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நீலம், அகச்சிவப்பு என இரண்டு அலைநீள ஒளியை வைத்துத் துகளின் அளவை ஊகிக்கும் அலாரங்களும் உண்டு. நீராவித்துளி பெரியது, தீப்புகைத் துகள் பெரும்பாலும் சிறியது. இரண்டு ஒளியும் சிதறும் விகிதத்தை வைத்துப் பிரித்துவிடும். வீண் அலாரத்தில் கஷ்டப்பட்ட வீட்டுக்கு இது நல்ல முதலீடு. புகை அலாரங்களுக்கான அமெரிக்கத் தரமான யூ.எல். 217-இன் 8ஆம் பதிப்பில் சமையல் புகைக்கு அலறக் கூடாது என்பதற்கே தனிச் சோதனை சேர்த்திருக்கிறார்கள். பெட்டியில் அந்தப் பதிப்பு குறிப்பிடப்பட்டிருந்தால் கூடுதல் மதிப்பெண்.

எதை வாங்கினாலும் மாட்டும் இடம் தப்பினால் பலன் இல்லை. அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர், முடிந்தால் 6 மீட்டர் தள்ளியிருக்கட்டும். ஷவர் உள்ள குளியலறைக் கதவு, மின்விசிறி இறக்கையின் நுனி, ஏ.சி. காற்று வெளிவரும் துவாரம், ஒவ்வொன்றிலிருந்தும் 90 சென்டிமீட்டராவது வேண்டும். சுவரில் மாட்டுவதென்றால் கூரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள். கூரையில் வயர் வரும் ஓட்டையை சீலன்ட் வைத்து அடைத்துவிடுங்கள். அதன் வழியாகத்தான் தூசியும் பூச்சியும் அலாரத்தின் முதுகுப் பக்கமாக ஏறுகின்றன. இதை மாட்டித் தருகிறவர்கள்கூட பெரும்பாலும் செய்வதில்லை.

சத்தத்தைக் கேட்டுப் பிரிக்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். மூன்று பீப், இடைவெளி, மறுபடி மூன்று பீப் என்றால் புகை. கார்பன் மோனாக்சைடும் பார்க்கும் இரட்டை மாடலில் நான்கு நான்காக அடித்தால் அது அந்த நச்சு வாயு. மணமும் நிறமும் இல்லாதது, வீண் அலாரம் என்று நினைத்து உட்கார்ந்திருக்காமல் எல்லாரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். 30 முதல் 60 நொடிக்கு ஒருமுறை ஒற்றைக் கீச்சு என்றால் பேட்டரி தீர்கிறது, அல்லது அலாரத்தின் ஆயுள் முடிகிறது. இந்தக் கீச்சு விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறியதும் நின்றுவிடுவதற்குக் காரணம், குளிரில் பேட்டரியின் வோல்டேஜ் இறங்குவது. பகலில் நின்றுவிட்டதே என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மாற்றுங்கள்.

9 வோல்ட் பேட்டரி போடும் மாடலில் ஆல்கலைன் அல்லது லித்தியம் மட்டும். ரீசார்ஜ் பேட்டரியின் வோல்டேஜ் கொஞ்சம் குறைவு, சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கும். புது பேட்டரி போட்டும் கீச்சு நிற்கவில்லையா? மின்சார இணைப்புள்ள அலாரமாக இருந்தால் முதலில் சர்க்யூட் பிரேக்கரை அணைத்து, பின்னால் உள்ள பிளக்கை உருவுங்கள். பேட்டரியைக் கழற்றி, டெஸ்ட் பட்டனை 15, 20 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு முனைகளைத் துடைத்து, பேட்டரியைப் போட்டு, மூடி ‘க்ளிக்’ என்று பொருந்துகிறதா பாருங்கள்.

ஹஷ் பட்டன் அழுத்தினால் பெரும்பாலான மாடல்களில் பத்து நிமிடம் போல உணர்திறனைக் குறைத்து வைக்கும். அடர்ந்த புகை வந்தால் அதையும் மீறி அடிக்கும், அதனால் பயமில்லாமல் பயன்படுத்தலாம். துடைப்பக் கட்டையால் அழுத்தும் அளவுக்குப் பட்டன் பெரிதாக இருக்க வேண்டும். ஓரத்தில் பொத்தான் அளவுக்கு ஒளித்து வைத்த மாடல்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே மதிப்பெண் குறைக்கலாம்.

ஒன்றோடொன்று இணைத்த அலாரங்களில் ஒன்றுக்குக் கோளாறு என்றால் வீடே அலறும். எது ஆரம்பித்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. பல மாடல்களில் தொடங்கி வைத்ததன் சிவப்பு எல்.இ.டி. மட்டும் வேகமாகச் சிமிட்டும், சிலவற்றில் சத்தம் நின்ற பிறகும் அந்த அடையாளம் நினைவில் இருக்கும். நினைவு வசதி உள்ளதையே வாங்குங்கள். எல்லாவற்றையும் கழற்றிப் போடாமல் அந்த ஒன்றை மட்டும் சுத்தம் செய்யவோ மாற்றவோ முடியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மென்மையான பிரஷ் மாட்டிய வேக்குவம் கிளீனரை அலாரத்தின் துவாரங்களைச் சுற்றிலும் ஓட்டி, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பெயின்ட், பூச்சி மருந்து, கிளீனிங் ஸ்ப்ரே எதுவும் அதன் மேல் படக் கூடாது. வீட்டில் சுவர் தேய்க்கும் வேலை நடந்தால் பிளாஸ்டிக் உறை போட்டு, வேலை முடிந்த அன்று மாலையே எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது அலாரத்தைத் திருப்பி, முதுகில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் படியுங்கள். பத்து வருட ஆயுள் அந்தத் தேதியிலிருந்து கணக்கு, பில் தேதியிலிருந்து அல்ல. இரண்டு வருடம் அலமாரியில் கிடந்த சரக்கென்றால் உங்களுக்குக் கிடைப்பது எட்டு வருடம்தான். பழைய அயனி அலாரத்தைக் கழற்றினால் உடைத்துப் பார்க்க வேண்டாம், முழுசாகத் தயாரிப்பாளரிடமோ மின்கழிவு சேகரிப்பவர்களிடமோ கேட்டு ஒப்படையுங்கள்.