முதலாண்டு நர்சிங் கிட்: செட்டாக வாங்கலாமா, பிரித்து வாங்கலாமா?

அட்மிஷன் முடிந்த கையோடு கல்லூரியில் ஒரு தாளைக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டெத், பி.பி. அப்பரேட்டஸ், தெர்மாமீட்டர், டார்ச், முழங்காலைத் தட்டும் நீ ஹேமர், தட்டினால் அதிரும் டியூனிங் ஃபோர்க், இஞ்ச் டேப், கத்தரிக்கோல், ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், கிட்னி ட்ரே என்று பட்டியல் நீளும். மதுரையில் பெரியாஸ்பத்திரியைச் சுற்றி, பனகல் ரோடும் கோரிப்பாளையமும் பக்கம் உள்ள சர்ஜிக்கல் கடைகளில் தாளை நீட்டினால், ஜிப் வைத்த பையில் எல்லாம் அடங்கிய ஒரு செட் மேஜைக்கு வந்துவிடும். பெற்றோருக்கும் நிம்மதி, கடைக்காரருக்கும் வேலை மிச்சம்.

அந்தச் செட் நன்றாயிருக்கிறதா? பாதி நன்றாயிருக்கிறது. தேறாத பாதியில் பி.பி. அப்பரேட்டஸும் ஸ்டெத்தும் இருப்பதுதான் சங்கடம். பி.எஸ்சி. நர்சிங்கில் முதல் இரண்டு செமஸ்டரும் நர்சிங் ஃபவுண்டேஷன் பாடம் ஓடும். அதில் கை பழக வேண்டிய வேலைகளில் வைட்டல்ஸ், அதாவது நாடி, மூச்சு, காய்ச்சல், பி.பி. எடுப்பதுதான் தலைப்பிள்ளை. டயலே தப்பாகக் காட்டினால், தன் காது தப்பா கருவி தப்பா என்று பிள்ளைக்குத் தெரியாது. பக்கத்துப் பெட்டில் சீனியர் எழுதியதைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடும். வார்டில் வரிசையாக எல்லாருக்கும் 120/80 என்று இருக்கும் சார்ட் இப்படித்தான் பிறக்கிறது.

முதலில் பி.பி. அப்பரேட்டஸ். பாதரசம் வைத்தது இனி வேண்டாம். உடைந்தால் பெருக்கி எடுக்க முடியாத விஷம் அது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்க அதை ஒழித்துக்கொண்டு வருகிறார்கள். பொத்தானை அழுத்தினால் எண் வருகிற டிஜிட்டல், வீட்டில் அப்பாவுக்குப் பார்க்க நல்லது. படிக்கிற பிள்ளைக்கு அது ஒன்றும் கற்றுக்கொடுக்காது. நாடித்துடிப்பு ஒழுங்கில்லாத நோயாளியிடம் அது காட்டும் எண்ணையும் நம்ப முடியாது. ஆக, வட்ட டயலும் ரப்பர் பல்பும் உள்ள அனராய்டுதான் வாங்க வேண்டியது.

கடையிலேயே மூன்று சோதனை செய்துவிடலாம். கையில் சுற்றும் பட்டையான கஃபில் காற்று இல்லாதபோது முள் பூஜ்யக் கட்டத்துக்குள் நிற்க வேண்டும். சில மலிவு டயல்களில் பூஜ்யத்துக்குக் கீழே முள்ளைத் தடுக்க ஒரு சின்ன ஆணி வைத்திருப்பார்கள். டயல் பழுதாகி முள் கீழே இறங்கப் பார்த்தாலும் அந்த ஆணி அதைப் பூஜ்யத்திலேயே பிடித்து நிறுத்தி, ஒன்றும் ஆகாதது போலக் காட்டும். ஆணி இருந்தால் தள்ளி வைத்துவிடுங்கள். அடுத்து, கஃபை ஒரு தண்ணீர் பாட்டிலில் சுற்றி 200 வரை காற்றடித்து வால்வை மூடுங்கள். ஒரு நிமிடத்தில் 4 மி.மீ.க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கடைசியாக வால்வை மெல்லத் திருகிக் காற்றை விடுங்கள். நொடிக்கு 2, 3 மி.மீ. என்று முள் நிதானமாக இறங்க வேண்டும். கொஞ்சம் திருகியதும் முள் ‘தபக்’கென்று 30 இறங்குகிற வால்வை வைத்துக்கொண்டு யாராலும் சரியாகப் பி.பி. பார்க்க முடியாது: ஸ்டெத்தில் முதல் துடிப்புச் சத்தம் கேட்கும்போது முள் அந்த எண்ணைத் தாண்டிப் போயிருக்கும், மேல் எண் குறைந்துவிடும்.

செட்டில் வரும் கஃப் ஒரே அளவுதான், பெரியவர்களுக்கானது. பொதுவாக 27 முதல் 34 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு அது பொருந்தும். உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் போஸ்டிங் போனால் வயற்காட்டில் உழைத்து ஒடுங்கிய அப்பத்தாக்களின் கை 21, 22 செ.மீ.தான் இருக்கும். அந்தக் கையில் இந்தக் கஃபைச் சுற்றினால் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவரின் புஜத்துக்கு அதே கஃப் போதாது, கூடுதலாகக் காட்டும். கஃபுக்குள் இருக்கும் ரப்பர் பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதமும் நீளம் 80 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சின்ன அளவு கஃபையும் அதே கம்பெனியில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். செட்டில் இருக்கும் இஞ்ச் டேப்புக்கு முதல் வேலை இதுதான், புஜத்தை அளப்பது.

கருவி சரியாக இருந்தாலும் கை பழகாவிட்டால் எண் தப்பும். நோயாளி 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பதிய வேண்டும், கை மேஜையிலோ தலையணையிலோ நெஞ்சு மட்டத்தில் தாங்கியிருக்க வேண்டும். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி இறுக்கிவிட்டு அதற்குக் கீழே கஃப் கட்டுவது நம் பக்கம் ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தப்பு. சுருட்டிய துணியே ஒரு கயிறு மாதிரி இறுக்கிப் பிடிக்கும். இறுக்கமான ரவிக்கை என்றால் திரை மறைவில் ஒரு கையை மட்டும் கழற்றச் சொல்ல வேண்டும், கூச்சப்படாமல் கேட்கவும் பழக வேண்டும். கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே. முதலில் ஸ்டெத் வேண்டாம்: மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, துடிப்பு மறையும் எண்ணைப் பாருங்கள். காற்றை இறக்கி ஒரு நிமிடம் விட்டு, அந்த எண்ணுக்கு 30 கூட்டி மறுபடி அடித்து, இப்போது முழங்கை மடிப்பில் ஸ்டெத் வைத்துக் காற்றை மெல்ல விடுங்கள். ரத்த அழுத்தம் அதிகமுள்ள சிலருக்கு நடுவில் சத்தம் நின்றுபோய் மறுபடி வரும். நாடியைத் தொட்டுப் பார்க்காதவர் அந்த இடைவெளிக்குள் காற்றை நிறுத்தி, 190 உள்ளவருக்கு 150 என்று எழுதிவிடுவார். முதல் சத்தம் மேல் எண், சத்தம் அடியோடு நிற்பது கீழ் எண். 1905-இல் ருஷ்ய மருத்துவர் கொரட்கோவ் சொன்ன முறை, இன்றும் அதேதான். டயலில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். அதனால் சார்ட்டில் 125, 83 என்று ஒற்றைப்படை எண் இருந்தால் சொல்லிக்கொடுப்பவருக்குச் சந்தேகம் வரும்.

“பேசாம இருங்க அப்பத்தா, முடிஞ்சதும் சொல்றேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் இதில் சேர்ந்ததுதான். பேசினாலே எண் ஏறும்.

ஸ்டெத்தைப் பொறுத்தவரை செட்டில் வருவதை விட்டுவிட்டுக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம். ஆனால் முதலாண்டிலேயே விலை கூடின லிட்மன் கம்பெனி ஸ்டெத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளையிடம் மூன்றாம் ஆண்டு வரை பொறுக்கச் சொல்லலாம், தொலைந்துபோக வாய்ப்பு அதிகம். பார்க்க வேண்டியது டியூப் தடிமனாக, வளைத்தால் மடியாமல் இருக்கிறதா, காதுமுனை மெத்தென்று காதை அடைக்கிறதா என்பதுதான். காதுக்கம்பி மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்று கடைக்குத் திரும்பிவருகிறவர்கள் உண்டு. இரண்டு பக்கத் தலை உள்ளதில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பனகல் ரோட்டில் பஸ் ஹாரன் அடிக்கும்போதே உங்கள் நெஞ்சுச் சத்தம் கேட்டால் அது பொது வார்டுக்குப் போதும். கழுத்து வியர்வையும் எண்ணெயும் பட்டு டியூப் இறுகிப்போகும். சட்டைக் காலருக்கு மேலே போடுங்கள், ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள், ஊறப்போட வேண்டாம்.

தெர்மாமீட்டர் விஷயத்தில் மதுரை வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதம் சில நாள் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஸ்கூட்டர் பெட்டிக்குள் இன்னும் அதிகம். கண்ணாடித் தெர்மாமீட்டரை அந்தச் சூட்டில் எவ்வளவு உதறினாலும் பாதரசம் சுற்றியுள்ள வெப்பத்துக்குக் கீழே இறங்காது. ஆளுக்குக் காய்ச்சலே இல்லாவிட்டாலும் 104 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டும். டிஜிட்டலுக்கும் வேலை செய்யும் வெப்ப எல்லை அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள். கிராமத்தில் இறங்கியதும் பையை நிழலில் வைத்து, முனையைப் பச்சைத்தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். அக்குள் வியர்வையை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் அதுவே சூடேற்றும். ‘பீப்’ வந்ததும் உருவிவிடாமல் அக்குளில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருப்பது நல்லது. எங்கே வைத்துப் பார்த்தது என்று சார்ட்டில் எழுதாத எண்ணால் பயனில்லை. செட்டில் வரும் டிஜிட்டல் பெரும்பாலும் பரவாயில்லை.

ஃபோர்செப்ஸ் வாங்கும்போது சிலர் காந்தத்தைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டினால் மட்டமான இரும்பு என்று நினைப்பு. இந்தக் கருவிகள் செய்யும் கடினமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். அதைவிட, முதல் பல்லில் பூட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், முனை இரண்டும் சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு நூலைக் கவ்வ விட்டு இழுத்தால் வழுக்கக் கூடாது. மதுரையில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. கழுவி அப்படியே வைத்தால் மூட்டில் வெள்ளைப் படிவும் துருவும் சேரும். பிளீச்சிங் கரைசலில் ஊற வைப்பது அதைவிடக் கெடுதல். கழுவு, துடை, மூட்டைத் திறந்து உலர வை. கத்தரிக்கோலில் ஒரு முனை மழுங்கி இருக்க வேண்டும், காயத்தின் துணிக்கட்டை வெட்டும்போது தோலில் குத்தாமல் இருக்க.

நீ ஹேமர், கிட்னி ட்ரே, டார்ச் எல்லாம் செட்டில் வருவதே போதும். டியூனிங் ஃபோர்க்கில் மட்டும் எண்ணைப் பாருங்கள்: காது சோதனைக்கு 512 ஹெர்ட்ஸ், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க 128.

செட்டில் இல்லாத சில சாமான்கள்தான் உண்மையில் அதிகம் உழைக்கும். நொடிமுள் உள்ள வாட்ச் ஒன்று, சீருடையில் குத்திக்கொள்ளும் வகை. கையில் கட்டினால் மணிக்கட்டு வரை ஒழுங்காகக் கழுவ முடியாது. நாடி ஒழுங்காக இருந்தால் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். ஒழுங்கில்லையென்றால் முழு நிமிடம். மூச்சை எண்ணும்போது சொல்லிவிட்டு எண்ணக் கூடாது, சொன்னதும் ஆள் மூச்சைப் பிடித்துவிடுவார். நாடியில் விரலை எடுக்காமலேயே நெஞ்சைப் பார்த்து எண்ணிவிட வேண்டும்.

கடையில் தேதி முடிந்த ஐ.வி. செட் (நரம்பில் டிரிப்ஸ் ஏற்றும் குழாய்) ஒன்று கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள். உறையில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று அச்சடித்திருக்கும். வழக்கமாக 20, குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60. 500 மில்லி 4 மணி நேரத்தில் போக வேண்டுமென்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. 15 நொடிக்குப் பத்து, பதினொன்று. ஆணியில் பாட்டிலை மாட்டிக் குடிதண்ணீரை ஓடவிட்டு, வாட்சைப் பார்த்து, சொட்டைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருகிப் பழகினால் பத்தே நாளில் கண்ணே கணக்குப் போடும்.

இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு வகையும் ஒவ்வொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட்டுக்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை இறங்கி நோயாளி சுருண்டுவிடுவார். குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் படிக்கும் பழக்கம் முதல் வருடமே வர வேண்டும்.

வீடு வீடாகப் போகும்போது தூக்கிச் செல்லும் கம்யூனிட்டி பையைக் கல்லூரியே கொடுத்துவிட்டால் நல்லது. தனியாக வாங்க வேண்டியிருந்தால், வெளிப்பக்கம் தனி அறை உள்ளதாக வாங்குங்கள். பேப்பர், சோப்பு, துண்டு அங்கேதான் இருக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் பேப்பரை விரித்து, பையை அதன்மேல் வைத்து, கை கழுவிவிட்டுத்தான் உள்ளறையைத் திறக்கலாம். சோப்பு உள்ளே மாட்டிக்கொண்ட பையில் இந்த வரிசையே குலைந்துவிடும். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பெனடிக்ட் கரைசலை 5 மில்லி எடுத்து முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, நீலம் மாறவில்லை என்று பார்த்த பிறகுதான் 8 சொட்டு சிறுநீர் விட வேண்டும். பலர் அந்த முதல் கொதியைத் தாண்டிவிடுகிறார்கள்; கெட்டுப்போன கரைசலைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சர்க்கரை இருக்கிறது என்று எழுதிவருவார்கள்.

சீனியர்களிடம் பழைய கிட் விலைக்கு வரும், அதுவும் நல்ல வழிதான். பி.பி. அப்பரேட்டஸின் டியூபையும் பல்பையும் மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். டயலைக் கடைசியாக எப்போது இன்னொரு நல்ல டயலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று கேளுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். பதில் இழுத்தால், கல்லூரியின் பயிற்சிக்கூடமான ஸ்கில் லேபில் உள்ள ஒய் வடிவக் குழாயில் இரண்டு டயலையும் மாட்டி, 60, 120, 180 மூன்றிலும் இரண்டு முள்ளும் ஒன்றாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.