இரண்டாம் வருகை கால அட்டவணை (ஃப்ளெக்ஸ், 6 க்கு 3 அடி) – சண்டே ஸ்கூலுக்கு வாங்கலாமா?

இயேசு மறுபடி வர்றதப் பத்தி பைபிள்ல இருக்கிறத வரிசையா படமா போட்ட சுவர் சார்ட் இது. அஞ்சுக்கு மூணு ஸ்டார். அந்த மூணும் பிரிண்ட்டுக்கும் தானியேல் சிலைக்கும்தான், வருஷக் கணக்கு போட்ட கீழ்ப்பட்டைக்கு ஒண்ணுமே கிடையாது, ஏன்னு சொல்றேன்.

கிறிஸ்தவ புக் கடைகள்ல, கன்வென்ஷன் நேரத்துல பந்தலுக்கு வெளிய போடுற ஸ்டால்ல எல்லாம் இந்த சார்ட்ட தொங்கவிட்டிருப்பாங்க, பாத்திருப்பீங்க. இடது பக்கம் ஆதாம் ஏவாள்ல ஆரம்பிச்சு வலது பக்கம் புதிய எருசலேம் வரைக்கும் ஒரே கோடா போகும், நடுவுல சிலுவை, அதுக்கப்புறம் சபையின் காலம், மேல மேகம், எக்காளம், இரகசிய வருகை (விசுவாசிகள மட்டும் மேல எடுத்துக்கிறது), ஏழு வருஷ உபத்திரவம், பகிரங்க வருகை (எல்லாரும் பாக்க வர்றது), ஆயிர வருஷ அரசாட்சி, வெள்ளை சிங்காசன நியாயத்தீர்ப்பு. போட்ட பதிப்பகத்தோட பேர சொல்லப் போறதில்ல, இதே மாதிரி நாலஞ்சு பேர் போடுறாங்க, எல்லாம் ஒண்ணப் பாத்து ஒண்ணு வரைஞ்சதுதான். எங்க சண்டே ஸ்கூல் பெரிய பிள்ளைங்க வகுப்புக்கு வாங்கினோம், 650 ரூபா.

முதல்ல நல்லத சொல்லிடறேன். ஃப்ளெக்ஸ் கெட்டியா இருக்கு, மூலைக்கு மூலை வளையம் அடிச்சிருக்காங்க, ஆணியில மாட்டினா தொய்யல. கலர் கண்ண அடிக்கிற மாதிரி இல்ல. தானியேல் 2ம் அதிகாரத்துல ராஜா கனவுல கண்ட சிலை உண்மையிலயே அருமை, பொன் தலை பாபிலோன், வெள்ளி மார்பு மேதிய பெர்சியா, வெண்கல வயிறு கிரேக்கம், இரும்புக் கால் ரோம், களிமண்ணும் இரும்பும் கலந்த பாதம், கைகளால் பெயர்க்கப்படாத கல்லு வந்து மோதுறது வரைக்கும் ஒவ்வொண்ணா கைய வச்சு காட்டி சொல்லலாம். வாயில சொல்லி புரியாத பையனுக்குக் கூட இதப் பாத்ததும் புரிஞ்சிடுச்சு. எழுத்துப்பிழை ரெண்டு மூணு இடத்துல இருக்கு, தெசலோனிக்கேயர் ஒரு இடத்துல தெசலோக்கேயர் ஆயிடுச்சு, போகட்டும்.

இப்ப குறைக்கு வரேன். இயேசு சொன்ன உவமையில, ராத்திரி விளக்கோட மணவாளனுக்குக் காத்திருந்த பத்து கன்னிகைங்க படம். புத்தியுள்ள அஞ்சு பேரும் கண்ண முழிச்சு விளக்கப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க, புத்தியில்லாத அஞ்சு பேரும் கீழ படுத்து தூங்குறாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கு, ஆனா மத்தேயு 25:5ல மணவாளன் வரத் தாமதிச்சப்ப எல்லாரும் தூங்கிட்டாங்கன்னுதான் இருக்கு. பத்து பேரும்! எங்க வகுப்புல ஒரு பொண்ணு பைபிள விரிச்சு வச்சுகிட்டு "அக்கா, படம் தப்புக்கா"ன்னு சொல்லிடுச்சு. சின்ன விஷயம்னு விடமுடியல, ஏன்னா விழித்திருக்கிறதுன்னா தூங்காம கிடக்கிறதுன்னு இந்தப் படம் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குது. தூங்கினது அங்க குத்தமே இல்ல, எண்ணெய் இல்லாததுதான் குத்தம். தூங்குறதுக்கு முன்னாடியே எண்ணெய் எடுத்து வச்சவங்களுக்கு நடுராத்திரி சத்தம் கேட்டப்ப ஓட வேண்டிய தேவை வரல.

அதுக்கப்புறம் அந்தக் கீழ்ப்பட்டை. அத்திமரம் ஒண்ணு வரைஞ்சு (அத இஸ்ரவேலுக்கு அடையாளமா எடுத்துக்கிறாங்க), அதுல இருந்து அம்புக்குறி போட்டு 1948 மே 14 இஸ்ரவேல் தேசம்னு எழுதி, சங்கீதம் 90:10ல ஆயுசு எழுபது, பெலத்தின் மிகுதியால் எண்பதுன்னு இருக்குல்ல, அந்த எண்பத ஒரு தலைமுறையா வச்சுக் கூட்டி 2028ன்னு போட்டு பக்கத்துல ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி போட்டா தப்பிச்சிடலாம்னு நினைச்சாங்க போல. இதுல வேடிக்கை என்னன்னா, அம்பு போய் நிக்கிற இடம் பகிரங்க வருகை. அப்ப இதே சார்ட் படி இரகசிய வருகை அதுக்கு ஏழு வருஷத்துக்கு முன்னாடி, அதாவது 2021லயே முடிஞ்சிருக்கணும். கொரோனா மாஸ்க் போட்டுகிட்டு நாம எல்லாரும் இங்கதான இருந்தோம். போட்டவங்க தங்களோட சார்ட்டயே ஒரு தடவ கழிச்சுப் பாக்கல.

இந்தக் கணக்கு புதுசும் இல்ல. இதே 1948ஓட ஒரு தலைமுறைக்கு நாப்பதுன்னு கூட்டி 1988ன்னு சொன்னவர் எட்கர் விஸ்னன்ட், நாசாவுல வேலை பாத்த இன்ஜினியர், அந்த வருஷம் அமெரிக்காவுல அவரோட சின்ன புக்கு லட்சக்கணக்குல போச்சு. அவருக்கு ரொம்ப முன்னாடி அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லர் பேச்சக் கேட்டவங்க 1844 அக்டோபர் 22க்கு காத்திருந்தாங்க, வயல்ல விளைஞ்சத அறுக்காம விட்டவங்க கூட இருந்தாங்க. தென் கொரியாவுல 1992 அக்டோபர் 28 நடுராத்திரின்னு ஒரு கூட்டம் சொல்லிச்சு, ஜனங்க வேலைய விட்டாங்க, சொத்த குடுத்தாங்க, கடைசியில பாத்தா அந்த கூட்டத்துத் தலைவரே 1993ல மெச்சூர் ஆகுற பாண்ட் வாங்கி வச்சிருந்திருக்காரு, மோசடி கேஸ்ல உள்ள போனாரு. அமெரிக்க ரேடியோ பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21ன்னு ஊரெல்லாம் விளம்பரப் பலகை வச்சாரு, அது போனதும் அக்டோபர் 21ன்னாரு, மறு வருஷம் தேதி சொன்னது பாவம்னு அவரே ஒத்துகிட்டாரு, அந்த மட்டுக்கு அவர மெச்சணும். பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்னு மத்தேயு 24:36ல இருக்கு. ஆறடி சார்ட்டுல எத்தனையோ வசனம் இருக்கு, இந்த ஒரு வசனம் மட்டும் எங்கயும் இல்ல, நான் தேடி தேடிப் பாத்தேன்.

தேதி சொல்லிட்டா என்ன ஆகும்னா, நமக்குத் தெரியாதா, கரண்ட் பில் மாதிரி கடைசி தேதி வரைக்கும் யாரும் அசைய மாட்டோம். எஜமான் வர்றது சாயங்காலமோ நடுராத்திரியோ சேவல் கூவுற நேரமோ காலையோன்னு மாற்கு 13ல தெளிவில்லாம விட்டது வேணும்னேதான்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணு, இந்த சார்ட் முறையே ஒரு குறிப்பிட்ட பார்வை, அதயும் ஒரு வரியில போட்டிருக்கலாம். இரகசிய வருகை தனியா, பகிரங்க வருகை தனியான்னு பிரிச்சு போதிச்சத 1830கள்ல பரப்பினவர் சகோதரர் சபைக்காரர் டார்பி, 1909ல ஸ்கோஃபீல்டு பைபிள் குறிப்புகள் வழியா அது உலகம் பூரா போச்சு, பிலடெல்பியா பக்கம் டிராஃப்ட்ஸ்மேனா இருந்து பாஸ்டர் ஆன கிளாரன்ஸ் லார்கின் 1918ல இத எல்லாம் படம் படமா வரைஞ்சு புக்கா போட்டாரு, நம்ம ஊர் சார்ட்டுங்க எல்லாம் அவரோட பேரப்பிள்ளைங்கதான். தப்புன்னு சொல்ல வரல, பெந்தெகொஸ்தே, பிரதரன் வீடுகள்ல இதக் கேட்டுதான் வளர்றாங்க. ஆனா சிஎஸ்ஐ கோயில்ல விசுவாசப் பிரமாணத்துல "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்"னு ஒரே வரியில முடிச்சிடுறோம், கத்தோலிக்கங்க கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாலு ஞாயிறு திருவருகைக் காலம்னு வச்சு இதே காத்திருப்பத் தான் நினைக்கிறாங்க. அவங்க எல்லாம் விழிக்காதவங்கன்னு பிள்ளைங்க நினைச்சிடக் கூடாதில்ல.

எனக்கு பெரிய வருத்தம் வேற. இரகசிய வருகையில கைவிடப்பட்டவங்க கட்டத்துல விமானம் விழுது, டிரைவர் இல்லாத கார் மோதுது, அம்மா இல்லாத தொட்டில். சின்னதுங்க அத விட்டு கண்ண எடுக்கல. ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வந்து யாரையும் காணோம்னா, ஐயோ எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டாங்களோன்னு அடுப்படிக்கு ஓடிப் பாத்த பயம் நம்ம சபைப் பிள்ளைங்க நிறைய பேருக்கு உண்டு, அத இன்னொரு தலைமுறைக்கும் ஆணியடிச்சு மாட்டணுமா? மத்தேயு 24ல ஒருத்தி எடுத்துக்கொள்ளப்பட்டு ஒருத்தி கைவிடப்படுறான்னு வருதே, எந்திரம் அரைச்சுகிட்டிருந்த அந்த ரெண்டு பொம்பளைங்களும் வேலையிலதான் இருந்தாங்க. அதே 24ம் அதிகாரத்துல 45ம் வசனம், உண்மையும் விவேகமுமுள்ள ஊழியக்காரன் யாருன்னா வீட்டாருக்கு ஏற்ற வேளையில சாப்பாடு குடுக்கிறவன். எஜமான் வர நாளாகும்னு கூட இருக்கிறவங்கள அடிக்கிறவன்தான் கெட்டவன். 25ம் அதிகாரம் முடிவுல பசியா இருந்தேன், வியாதியா இருந்தேன்னு வருது. இதுக்கு எல்லாம் ஆறடியில ஒரு சாண் இடம் கூட ஒதுக்கல. தெசலோனிக்கேயாவுல வருகை வருகைன்னு வேலைய விட்டு திரிஞ்சவங்களுக்கு, வேலை செய்ய மனசில்லாதவன் சாப்பிடவும் கூடாதுன்னு பவுல் எழுதினாரே, அதுவாவது ஒரு ஓரத்துல வந்திருக்கலாம், அந்த வசனத்துக்கு நல்ல படமும் கிடைச்சிருக்கும்.

என்ன பண்ணினோம்னா, கீழ்ப்பட்டைய மடிச்சு பின்னால டேப் ஒட்டிட்டோம், ஃப்ளெக்ஸ்ங்கிறதால சுலபமா மடங்குது. விமானம் விழுற கட்டத்து மேல பிள்ளைங்களே ஒரு சார்ட் பேப்பர்ல 24:45ம் 24:36ம் எழுதி ஒட்டினாங்க. இப்ப உபயோகமா இருக்கு.

வாங்குறவங்களுக்கு: சின்ன சைஸ் (3 க்கு ஒன்றரை அடி, 220 ரூபா) எடுக்காதீங்க, தானியேல் 9ம் அதிகாரத்து எழுபது வாரக் கணக்கு எறும்பு எழுத்துல இருக்கு, பக்கத்துல நின்னாலும் வாசிக்க முடியல. பெரியவங்க பைபிள் ஸ்டடிக்குன்னா பெருசு ஓகே. பத்து வயசுக்குக் கீழன்னா முழு சார்ட்டே வேணாம், தானியேல் சிலை மட்டும் தனி போஸ்டரா 90 ரூபாய்க்கு அதே கடைகள்ல கிடைக்குது, சுருட்டித்தான் குடுப்பாங்க, அட்டைக் குழாய் கேட்டு வாங்கிக்கோங்க.